யாரிடம் கேட்டார்கள்?

1974-ல் என் அத்தைக்கு இரண்டாவது குழந்தை பிறந்தது. அப்பாவுக்கு ஒரே தங்கை. முசிறிக்குப் பக்கத்தில், காவிரியின் வடகரையில் இருக்கும் எங்கள் வீட்டில்தான் பிரசவம். குழந்தை பிறந்து பத்துப் பதினைந்து நாள் இருக்கும், அத்தைக்குத் தூக்கம் போய்விட்டது. அடுத்து சாப்பாடு குறைந்தது. அதற்கடுத்து பேச்சும் நின்றது. குழந்தை அழுதால் சில நேரம் திரும்பியே பார்க்க மாட்டாள். சில நேரம் மடியில் வைத்துக்கொண்டு யார் கேட்டாலும் கொடுக்க மாட்டாள்.

தெருவில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். பச்சை உடம்புக்காரி உச்சி வேளையில் வாய்க்கால் பக்கம் போயிருக்கிறாள் என்றார்கள். பிரசவ ஜன்னி என்றார்கள். மாமா வீட்டுப் பக்கத்தில் யாரோ செய்வினை வைத்துவிட்டதாகவும் ஒரு பேச்சு கிளம்பியது. வேப்பிலை அடித்தார்கள், மந்திரித்துத் தாயத்துக் கட்டினார்கள். ஒரு நாள் இரவு உடுக்கைக்காரர் ஒருவரை அழைத்து வந்தார்கள். அத்தையை எதிரே உட்கார வைத்து, "யாரு நீ? எந்த ஊரு? என்ன வேணும் உனக்கு?" என்று அவர் விடாமல் கேட்டார். அத்தனை கேள்வியும் அத்தைக்குள் புகுந்திருப்பதாக அவர் நம்பிய வேறு யாருக்கோ. அத்தைக்கு என்று ஒரு கேள்விகூட அதில் இல்லை.

அடுத்து குணசீலம். எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் பக்கம்தான். மனம் கலங்கியவர்களை அங்கே பிரசன்ன வெங்கடாசலபதி சன்னிதியில் ஒரு மண்டலம், 48 நாள், தங்க வைப்பது காலங்காலமான வழக்கம். உச்சிக்காலத்திலும் அர்த்தஜாமத்திலும் முகத்தில் தீர்த்தம் தெளிப்பார்கள். குழந்தையைப் பெரியம்மாவிடம் விட்டுவிட்டு அப்பாயி போய் அத்தையோடு தங்கினாள். அந்த நாட்களை நான் நன்றியோடுதான் நினைக்கிறேன். நேரத்துக்கு எழுந்து, குளித்து, சாப்பிடும் ஒழுங்கு அங்கே கிடைத்தது. பெற்ற தாய் பகலும் இரவும் பக்கத்தில் இருந்தாள். இதே துன்பத்தோடு வந்திருந்த மற்ற குடும்பங்களின் துணையும் இருந்தது. அத்தை கொஞ்சம் தூங்கத் தொடங்கியது அங்கேதான்.

அப்புறமும் பேச்சு முழுதாகத் திரும்பாததால் திருச்சியில் ஒரு டாக்டரிடம் காட்டினார்கள். ஊரில் கேட்டவர்களுக்கு "நரம்பு டாக்டர்" என்று சொல்லி வைத்தார்கள். தாத்தா, அப்பா, மாமா மூன்று பேரும் உடன் போனார்கள். தூங்குகிறாளா, சாப்பிடுகிறாளா, யாரையாவது அடிக்கிறாளா, குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி வந்திருக்கிறதா என்று டாக்டர் கேட்டார். எல்லாவற்றுக்கும் தாத்தா பதில் சொன்னார். அத்தை சுவரோரமாக உட்கார்ந்திருந்தாள். அப்பா இதைப் பிற்பாடு பல முறை சொல்லிக் கேட்டிருக்கிறேன். டாக்டரைக் குறை சொல்ல எதுவும் இல்லை. வெளியே வராந்தா நிறைய ஆட்கள் காத்திருந்தார்கள். அவர் கொடுத்த மாத்திரையால்தான் அத்தை மீண்டு வந்தாள், குழந்தையைத் தூக்கினாள், மாமா வீட்டுக்குத் திரும்பினாள்.

எழுபது வயதை நெருங்கும்போது அத்தை ஒருநாள் தானாகவே சொன்னாள்: "எனக்கு என்ன ஆச்சுன்னு ஊரே சொல்லிச்சுப்பா. என்கிட்ட ஒருத்தரும் கேக்கல. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். எங்க நானே புள்ளைய எதாச்சும் பண்ணிடுவேனோன்னு எனக்கு பயம். கண்ண மூடுனா அதான் வந்துச்சு. அதுக்கு பயந்துதான் தூங்கல."

மனநல சிகிச்சையில் இந்த ஐம்பது ஆண்டுகளில் என்ன மாறியிருக்கிறது என்று யாராவது கேட்டால், என் பதில் அத்தையின் அந்தச் சொற்களிலிருந்துதான் தொடங்கும். மருந்துகள் மாறியிருக்கின்றன, சட்டங்கள் வந்திருக்கின்றன. எல்லாவற்றையும்விடப் பெரிய மாற்றம், கேள்வி யாரை நோக்கிக் கேட்கப்படுகிறது என்பதில்தான்.

1974-ல் பிறந்த அந்தக் குழந்தை, என் அத்தை மகன், இன்று தாத்தா. அவனுடைய மகளுக்குச் சில ஆண்டுகளுக்கு முன் திருச்சியில் பிரசவம் ஆனது. குழந்தைக்கு ஆறாவது வாரத் தடுப்பூசி போடப் போனபோது, நர்ஸ் ஒரு தாளைக் கொடுத்து அவளையே நிரப்பச் சொன்னார். தமிழில் பத்துக் கேள்விகள். கடந்த ஏழு நாட்களில் சிரிக்க முடிந்ததா, காரணமில்லாமல் பயம் வந்ததா, தூங்க முடியாத அளவுக்கு மனம் வருந்தியதா என்று போகும். கடைசிக் கேள்வி, தனக்குத் தானே தீங்கு செய்துகொள்ளும் எண்ணம் வந்ததா என்பது. எடின்பரோ அளவுகோல் என்று அதற்குப் பெயர். 1987-ல் உருவானது. இன்று உலகம் முழுக்கப் பல மொழிகளில் பயன்பாட்டில் இருக்கிறது. அந்தத் தாளில் அவள் போட்டிருந்த வட்டங்களைப் பார்த்த டாக்டரம்மா, அன்றைக்கே தில்லைநகரில் இருக்கும் ஒரு தனியார் ஆலோசனை நிலையத்துக்கு எழுதிக் கொடுத்தார்.

நான்தான் காரில் அழைத்துப் போனேன். அவள் அம்மாவும் வந்தார். வாசல் பலகையில் பெரியவர்கள், குழந்தைகள், குடும்பங்களுக்கு ஆலோசனை என்று எழுதியிருந்தது. மாடியில் நான்கைந்து அறைகள். சிகிச்சையாளர் வெளியே வந்து எங்கள் மூவருக்கும் வணக்கம் சொன்னார். அவளை மட்டும் உள்ளே கூப்பிட்டார். "நானும் வரேங்க, அவளுக்கு சொல்லத் தெரியாது" என்று எழுந்தார் அம்மா. "உங்ககிட்டயும் பேசுவேம்மா. முதல்ல அவங்க சொல்லட்டும்" என்று சொல்லிவிட்டு அவர் கதவைச் சாத்தினார். எங்கள் குடும்பத்தில் ஒருவர் மனத் துயரோடு இருக்கும்போது, மற்ற எல்லாரும் வெளியே உட்கார்ந்திருந்தது அதுதான் முதல் முறை.

உள்ளே நடந்ததை அவள் பிற்பாடு தானாக விரும்பிச் சொன்னாள். முதல் அமர்வில் சிகிச்சையாளர் சொன்னது ரகசியம் பற்றி. இங்கே பேசுவது கணவருக்கோ மாமியாருக்கோ போகாது, உன் உயிருக்கோ இன்னொருவர் உயிருக்கோ ஆபத்து என்று தெரிந்தால் மட்டும் உதவி தேட வேண்டியிருக்கும் என்று தொடக்கத்திலேயே விளக்கிவிட்டார். குழந்தைகளுக்கு எதிரான பாலியல் குற்றம் தெரியவந்தாலும் அப்படித்தான். 2012-ன் போக்சோ சட்டப்படி அதை மறைக்கக் கூடாது. இந்த எல்லைகளை முன்கூட்டியே சொல்லிவிட்டதால்தான் தனக்கு வாய் திறக்கத் தைரியம் வந்தது என்றாள்.

அவள் சொன்னது கிட்டத்தட்ட அவள் பாட்டி சொன்னதேதான். குழந்தையைக் குளிப்பாட்டும்போது கை நழுவி விட்டுவிடுவோமோ, வேண்டுமென்றே விட்டுவிடுவோமோ என்ற காட்சி திரும்பத் திரும்ப மனதில் வருகிறது. சிகிச்சையாளர் பதறவில்லை. அந்த எண்ணம் எப்போது வருகிறது, வந்ததும் என்ன செய்கிறாய், யாருடைய குரலாவது காதில் கேட்கிறதா, அப்படிச் செய்தாக வேண்டும் என்று தோன்றுகிறதா அல்லது தோன்றியதும் நடுங்குகிறதா என்று நிதானமாகப் பிரித்துப் பிரித்துக் கேட்டார். இது வெறும் ஆறுதல் பேச்சு இல்லை. நிஜத்தோடு தொடர்பு அறுந்துபோகும் கடுமையான நிலையா, இளம் தாய்மார் பலருக்கு அழையாமல் வந்து அவர்களை மிரட்டும் எண்ணமா என்பதை இந்தப் பதில்களை வைத்துத்தான் பிரிக்கிறார்கள். முதலாவது என்றால் அன்றைக்கே மனநல மருத்துவமனை. இவளுக்கு இருந்தது இரண்டாவது. மருந்து எழுதும் உரிமை மருத்துவருக்குத்தான் என்பதால், தாய்ப்பாலுக்கு ஏற்ற மருந்து தேவையா என்று பார்க்க ஒரு மனநல மருத்துவரிடமும் அனுப்பினார்.

பிறகு வாரம் ஒரு அமர்வு. எண்ணம் வந்ததும் பயம், பயம் வந்ததும் குழந்தையை விட்டு விலகுவது, விலகியதும் குற்ற உணர்ச்சி, அதிலிருந்து மறுபடி அதே எண்ணம். இந்தச் சுழலைத் தாளில் வரைந்து, எந்த இடத்தில் அதை வெட்டலாம் என்று இருவரும் சேர்ந்து பார்த்தார்கள். 1960-களில் அமெரிக்க மருத்துவர் ஆரன் பெக் வகுத்த சிகிச்சை முறையின் வழி இது. நடுவில் ஓர் அமர்வுக்குக் கணவரும் மாமியாரும் வந்தார்கள். இரவில் ஒரு வேளைப் பாலைப் பீய்ச்சி வைத்துவிட்டு அவள் தொடர்ந்து ஐந்து மணி நேரம் தூங்குவது, அந்த நேரத்தில் குழந்தையைக் கணவர் பார்த்துக்கொள்வது என்று அங்கே முடிவானது. ஐம்பது ஆண்டுகளுக்கு முன் அப்பாயி தன் பாசத்தால் தேடியதும் இந்தத் தூக்கத்தைத்தான்.

காத்திருக்கும் இடத்தில் உட்கார்ந்திருந்த நாட்களில் நான் அதிகம் பார்த்தது குழந்தைகளை. அவர்களுக்கு என்று தனி அறை. தரையில் பாய், குட்டை மேசை, மணல் தட்டு, மரப் பொம்மைகள், குட்டி வீடு ஒன்று. முதல் சில அமர்வுகளில் குழந்தை விரும்பியபடி விளையாட விடுகிறார்கள். மெலனி கிளைனும் அன்னா பிராய்டும் 1920-களில் தொடங்கி வைத்த வழி. சொல்லத் தெரியாததைக் குழந்தை பொம்மையை வைத்துச் சொல்லிவிடும். அப்பா பொம்மையை வீட்டுக்கு வெளியிலேயே நிற்க வைக்கும் ஒரு குழந்தையிடம் என்ன கேட்க வேண்டும் என்பது பயிற்சி பெற்றவருக்குத் தெரியும்.

அங்கே உட்கார்ந்திருக்கும்போதெல்லாம் ஐந்தாம் வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் நினைவுக்கு வருவான். வாழைத்தார் விலையை மனக்கணக்காகச் சொல்வான். பம்புசெட் நின்றுபோனால் பெரியவர்களே அவனைத் தேடி வருவார்கள். புத்தகத்தைத் திறந்தால் மட்டும் எழுத்துகள் அவனுக்கு வசப்படாது. ல-வும் வ-வும் மாறும், வரி தவறும். பிரம்படி, வெயிலில் முட்டி போடுதல், மக்கு என்ற பட்டம் எல்லாம் அவனுக்குக் கிடைத்தன. "இவனுக்குப் படிப்பு ஏறாது, கழனி வேலைக்கு அனுப்புங்க" என்று அவன் அப்பாவைக் கூப்பிட்டுச் சொன்னார்கள். எழுத்து உனக்கு எப்படித் தெரிகிறது என்று அவனிடம் கேட்டவர் யாரும் இல்லை. எட்டாம் வகுப்போடு அவன் நின்றுவிட்டான்.

இன்று அப்படி ஒரு பையன் இந்த அறைக்கு வந்தால், முதலில் கண்ணும் காதும் சரியாக இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். பிறகு அறிவுத்திறனைத் தனியாகவும், வாசிப்பு, எழுத்து, கணக்குத் திறன்களைத் தனியாகவும் அளக்கிறார்கள். இரண்டுக்கும் நடுவில் பெரிய இடைவெளி தெரிந்தால், கற்றல் குறைபாடு என்று அறிக்கை தந்து சிறப்பு ஆசிரியரிடம் அனுப்புகிறார்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 வரிசைப்படுத்தும் 21 வகைக் குறைபாடுகளில் கற்றல் குறைபாடும் ஆட்டிசமும் இடம்பெற்றிருக்கின்றன. பொதுத் தேர்வில் கூடுதல் நேரமும், சொல்வதை எழுத ஒரு ஆளும் கேட்க இப்போது வழி இருக்கிறது. பேச்சு தாமதப்படும் பிள்ளைகள் கதையும் இதுதான். "ஆம்பளப் புள்ள, லேட்டாத்தான் பேசும்" என்று நான்கைந்து வயது வரை காத்திருந்த காலம் அது. இரண்டு வயதில் இரண்டு சொல் சேர்த்துப் பேசாவிட்டால் காதைச் சோதித்துப் பயிற்சியைத் தொடங்கிவிட வேண்டும் என்பது இப்போதைய அறிவு. அந்த வயதில் கிடைக்கும் ஒரு வருடத்துக்குப் பிற்பாடு எத்தனை வருடம் கொடுத்தாலும் ஈடாகாது.

இந்த அறைகளுக்குப் பிள்ளையைக் கூட்டி வருகிற பெற்றோர் சிலர், அரையாண்டுத் தேர்வுக்குள் சரிசெய்து தாருங்கள் என்று கேட்பதைக் காதால் கேட்டிருக்கிறேன். அவர்கள் கவலை புரிகிறது. ஆனாலும் நல்ல சிகிச்சையாளர் பிள்ளையிடம்தான் முதலில் கேட்பார்: "உனக்கு எது கஷ்டமா இருக்கு?" பெரும்பாலும் அதன் பதிலும் பெற்றோர் கொண்டுவந்த புகாரும் ஒன்றாக இருப்பதில்லை. பிறகு பெற்றோரை உட்கார வைத்து வீட்டுப் பாடம் கொடுப்பார். தினமும் கால் மணி நேரம், போன் இல்லாமல், திருத்தம் சொல்லாமல், பிள்ளை சொல்கிற விளையாட்டை விளையாட வேண்டும். சின்னதாகத் தெரியும் இதைச் செய்ய முடியாமல் திணறும் பெற்றோர் பலர்.

குடும்பத்தை ஒன்றாக உட்கார வைத்துப் பேசுவது நமக்குப் புதிதில்லை. எங்கள் வீட்டுத் திண்ணையில் எத்தனையோ வழக்குகள் தீர்ந்திருக்கின்றன. தாய்மாமன் வருவார், பங்காளிகள் வருவார்கள், பெரியவர் ஒருவர் நடுவில் இருப்பார். பாகப்பிரிவினை, கடன், கட்டிய நகை போன்றவற்றுக்கு அது போதுமாக இருந்தது. மனக் காயங்களுக்குப் போதவில்லை. ஏனென்றால் அங்கே பேசும் வரிசை பிறப்பிலேயே முடிவாகியிருந்தது. யாரைப் பற்றிப் பேசுகிறோமோ அந்த மருமகள் கதவுக்குப் பின்னால் நிற்பாள். பன்னிரண்டு வயதுப் பையனைத் தெருவுக்கு அனுப்பிவிடுவார்கள். இன்றைய குடும்ப அமர்வில் எல்லார் நாற்காலியும் ஒரே வட்டத்தில் இருக்கிறது. ஒரே கேள்வி தாத்தாவிடமும் பேரனிடமும் போகிறது. ஒருவர் முடிக்கும் வரை இன்னொருவர் குறுக்கிடாமல் சிகிச்சையாளர் பார்த்துக்கொள்கிறார்.

இது மேல்நாட்டிலிருந்து இறக்குமதியான பழக்கம் என்று சொல்பவர்களுக்குக் காட்ட ஒரு வரலாறு உண்டு. மனநல மருத்துவமனைகள் நோயாளியைக் குடும்பத்திலிருந்து பிரித்து வைப்பதையே முறையாகக் கொண்டிருந்த 1950-களில், அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யா சாகர் வளாகத்தில் கூடாரம் போட்டு உறவினர்களையும் நோயாளியோடு தங்க வைத்தார். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையமும் அந்தப் பத்தாண்டிலேயே உறவினர் உடன் தங்குவதைச் சிகிச்சையின் பகுதியாக ஆக்கியது. குடும்பத்தை மருந்தாக்கும் முறையை நம் நாட்டு மருத்துவமனைகளே உலகுக்கு முன்கூட்டிச் செய்து காட்டின. குணசீலத்தில் அப்பாயி அத்தையோடு இருந்ததன் அருமை எனக்கு இப்படித்தான் புரிந்தது.

பின்னோக்கிப் போகக் கூடாத இடமும் ஒன்று உண்டு. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்தபோது 28 பேர் இறந்தார்கள். சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்ததால் ஓட முடியவில்லை. நாட்டையே உலுக்கிய அந்தச் சாவுகளுக்குப் பிறகு உச்ச நீதிமன்றம் தலையிட்டது. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017 சங்கிலியை வெளிப்படையாகத் தடை செய்கிறது. தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகக் கருதச் சொல்கிறது. எனக்கு முக்கியமாகப் படுவது அதில் உள்ள இன்னொரு ஏற்பாடு. நலமாக இருக்கும்போதே ஒருவர், நாளை எனக்கு மனநலம் குன்றினால் எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம், என் சார்பாக யார் பேச வேண்டும் என்று எழுதி வைக்கலாம். யாரிடம் கேட்க வேண்டும் என்பதற்குச் சட்டமே பதில் சொல்லிவிட்டது.

சட்டம் சொன்னது வீட்டு வாசல் வரை வந்து சேரவில்லை. தில்லைநகர் நிலையத்தில் ஒரு அமர்வுக்கு ஆயிரத்துக்கு மேல் ஆனது. பத்துப் பன்னிரண்டு அமர்வு தேவைப்பட்டால் கூலி வேலை செய்யும் குடும்பம் என்ன செய்யும்? உடல் நோய்க்கு நிகராக மன நோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்று 2017 சட்டம் சொன்னாலும், படுக்கையில் சேராமல் வந்து பேசிவிட்டுப் போகும் ஆலோசனைக்கு அநேகக் காப்பீடுகள் பணம் தருவதில்லை. 2015-16-ல் நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி, பெரியவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் ஏதோ ஒரு மனநலச் சிக்கல் அப்போது இருந்தது. அவர்களில் மிகப் பெரும்பாலோர் எந்தச் சிகிச்சையும் பெறாதவர்கள். முசிறியிலிருந்து தில்லைநகர் பஸ்ஸுக்கே யோசிப்பவர்கள் அந்தக் கணக்கில் இருக்கிறார்கள்.

பணம் கொடுக்க முடிந்தவர்களும் விசாரித்துத்தான் போக வேண்டும். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று சொல்லிக்கொள்பவர் இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. கவுன்சிலர் என்ற பலகையை மட்டும் மாட்டிக்கொண்டு சில வாரச் சான்றிதழோடு உட்கார்ந்திருப்பவர்களும் உண்டு. முதல் சந்திப்பிலேயே எல்லாவற்றுக்கும் உறுதி கொடுப்பவரை, மருந்தை உடனே நிறுத்தச் சொல்பவரை, நோயாளியை விட்டுவிட்டு உடன் வந்தவரிடமே பேசிக்கொண்டிருப்பவரை நம்பிப் போக வேண்டாம். பணம் இல்லாதவர்கள் 14416-க்கு எந்த நேரமும் கூப்பிடலாம். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மனஸ் என்ற இலவச அரசு சேவை அது, தமிழிலும் பேசுவார்கள். 104-லும் ஆலோசனை உண்டு. மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் மனநல மருத்துவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் முன் நிற்கும் வரிசை நீளமானது. ஒருவருக்குச் சில நிமிடங்களே கிடைக்கும் இடத்தில், 1974-ல் நடந்ததேதான் நடக்கும்: கேள்வி உடன் வந்தவரிடம் போய்விடும்.

நம் மாநிலத்தால் இதை மாற்ற முடியும் என்று நான் நம்புவதற்குக் காரணம் இருக்கிறது. பிரசவத்தில் தாய் சாவதைத் தமிழ்நாடு வெகுவாகக் குறைத்ததில் கிராம சுகாதாரச் செவிலியர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. குழந்தை பிறந்த வீட்டுக்கு அவர்கள் ஏற்கனவே போகிறார்கள், எடை பார்க்கிறார்கள், தாய்ப்பால் பற்றிப் பேசுகிறார்கள். அவர்கள் பையில் பத்துக் கேள்வித் தாள் ஒன்றும் எல்லா ஊரிலும் வழக்கமாக இருக்க வேண்டும். மாமியாரையும் அம்மாவையும் கொஞ்ச நேரம் வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, தாயிடம் மட்டும் அதைக் கேட்க வேண்டும். வட்ட மருத்துவமனைக்கு ஒரு உளவியலாளர், ஒன்றியத்துக்கு ஒரு சிறப்பு ஆசிரியர் என்று நிரந்தரச் சம்பளத்தில் போட்டால், தாளில் வட்டம் போட்டவளுக்கும் எழுத்து வசப்படாத பையனுக்கும் அடுத்துப் போக ஓர் இடம் இருக்கும். தில்லைநகர் மாடியில் என் அத்தையின் பேத்திக்குக் கிடைத்தது ஆடம்பரப் பொருள் இல்லை, சிகிச்சை. அவளுக்குக் கிடைத்தது முசிறியின் ஒவ்வொரு வீட்டுக்கும் இலவசமாகக் கிடைக்கும் வரை, இந்தத் துறையில் நாம் முன்னேறிவிட்டோம் என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை.